துணிக்குக் காவல்

உங்கள் மணிக்கட்டில் இருப்பதைக் கடிகாரம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஓடிய தூரம், நெஞ்சுத் துடிப்பு, உறங்கிய நேரம் எல்லாவற்றையும் அது குறித்து வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் கோடு போட்டுப் படமாகக் காட்டுகிறது. போன மாதம் இளம் பயிற்சியாளர்களான உங்கள் முகாமுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள் அல்லவா, அன்று ஒரு தங்கச்சி அதை என்னிடம் நீட்டி, “இதுல தப்பே வராது சார்” என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன். தப்பு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் தென்காசியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளி வேலை போக, விடியற்காலையில் அந்தப் பள்ளி மைதானத்திலேயே சீருடைப் பணித் தேர்வுகளுக்குப் போகிறவர்களை ஓடவிட்டுப் பழக்கினேன். எப்படிப் பழக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், என்னைவிட நன்றாகவே. எனக்கு இரண்டே இரண்டு நாட்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, நான் அடி வாங்காமல் திட்டு மட்டும் வாங்கிய நாள். மற்றது, யாருமே என்னைத் திட்டாத நாள்.

முதலாவது சின்னது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வட்டார விளையாட்டுப் போட்டியில் என்னை நேரம் எடுக்க உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர். வெற்றிலை போட்டுப் போட்டு உதடு சிவந்த மனிதர். என் பள்ளிப் பையன் முதலாவதாக வருகிறான் என்றதும் எனக்குக் கை பரபரத்துவிட்டது. அவன் கோட்டுக்கு ஓரடி இருக்கும்போதே ஸ்டாப்வாட்ச்சை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பெரியவர் என் கையிலிருந்து வாட்ச்சை வாங்கிக்கொண்டார்.

“ஓடுதவன் மூஞ்சியப் பாத்தேன்னா நீ அவனுக்கு மாமன் மச்சான்லே, டைம் எடுக்குதவன் இல்ல. கோட்டப் பாரு. கோட்ட மட்டும் பாரு” என்றார். அன்று மாலை வரை வாட்ச்சைத் திருப்பித் தரவில்லை. என்னை நீளம் தாண்டும் குழியின் மணலைச் சமப்படுத்த அனுப்பிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதன்பிறகு இருபத்தைந்து வருடம் நான் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இது என் பெருமைக்காகச் சொல்வதல்ல. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

இனி இரண்டாவது.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரையும் அவரவர் தேர்வுக்கு உரிய தூரத்தை முழு வேகத்தில் ஓடவைத்து, அந்த நேரத்தை அவரவர் பக்கத்தில் எழுதுவேன். எழுதி முடித்ததும் சத்தமாக வாசிப்பேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் இதோடு ஒரு வழக்கமும் சேர்ந்துகொள்ளும். ஓட்டம் முடிந்து எல்லோருமாக ஐந்தருவிக்குக் குளிக்கப் போவோம். அந்த வாரம் தன் பழைய சிறந்த நேரத்தை முந்தியவர்கள் அருவிக்குள் போகலாம். முந்தாதவர்கள் வெளியே உட்கார்ந்து மற்றவர்களுடைய துணிமணிகளுக்குக் காவல் இருக்க வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். கேலியும் கிண்டலுமாகப் போகும். “என்ன மாப்ள, இன்னைக்கு செக்யூரிட்டி டூட்டியா?” என்பார்கள். காவல் இருந்தவன் அடுத்த வாரம் பேய் பிடித்தவன்போல ஓடுவான். இதைக் கண்டுபிடித்ததற்காக என் முதுகை நானே பலமுறை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் பேச்சியம்மாள் வந்தாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மேலகரத்தில் வீடு. கணவன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன், காய்ச்சலில் போய்விட்டான். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கும் வேலை. கணவனை இழந்தவர்களுக்குத் தேர்வில் வயதுச் சலுகை உண்டு. அந்தச் சலுகையும் அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது எண்ணூறு மீட்டர், மைதானத்தில் இரண்டு சுற்று. மூன்று நிமிடம் நாற்பது விநாடிக்குள் ஓடிவிட்டால் அரசு வேலை. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அந்த லாட்ஜ் வாளியும் துடைப்பமும்தான். இதை அவள் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள். அழுகை கிழுகை எதுவும் இல்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளை மைதானத்துக்குக் கொண்டுவந்து விடுவது தம்பி மாடசாமி. மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம். அக்கா ஓடி முடிக்கும்வரை டெம்போவைவிட்டு இறங்க மாட்டான். உள்ளேயிருந்தே, “எக்கா, கைய வீசு! புடிச்சு வச்ச கோழி மாதிரி ஓடாத!” என்று கத்துவான்.

முதல் ஞாயிறு அவள் எடுத்த நேரம் நாலு நிமிடம் முப்பத்தைந்து விநாடி. வாரா வாரம் குறைந்தது. சாரல் தொடங்கும்போது மூன்று நாற்பத்தேழுக்கு வந்துவிட்டாள். நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்புறம் நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு. அடுத்த வாரம் ஐம்பது. அதற்கடுத்த வாரம் மறுபடியும் நாற்பத்தெட்டு. ஏன் என்று கேட்கவாவது செய்திருக்க வேண்டாமா நான்? சீசன் வந்தால் லாட்ஜில் ஒரு நாளைக்கு ஒவ்வொரு அறையும் இரண்டு முறை ஆள் மாறும். இவள் படியேறி இறங்கியே கால் வீங்கிக் கிடந்தாள். நோட்டில் அதற்கு இடம் இல்லை. நான் நோட்டில் உள்ளதைத்தான் பார்த்தேன்.

மூன்று ஞாயிறும் பேச்சியம்மாள் துணிக்குக் காவல் இருந்தாள். ஈரக் கல்லில் உட்கார்ந்து, இருபது பேருடைய சட்டையையும் செல்போனையும் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருப்பாள். அவளைக் கிண்டல் செய்ய மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. மூன்றாவது வாரம் நான் குளித்துவிட்டு வந்து துண்டை வாங்கும்போது, “நீயும் காலையாவது நனைச்சிட்டு வாயேம்மா, நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“வேண்டாம் சார். சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டந்தான?” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: “குத்தாலத்துலதான் வேலை பாக்குதேன். அருவித் தண்ணி தலைல விழுந்து மூணு வருசம் ஆச்சு. அவுக இருக்கையில வந்தது.”

அந்த வாரம் முழுக்க இது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. தேர்வுக்கு நான்கு ஞாயிறுகள்தான் இருந்தன. அவள் மனசு உடைந்துவிட்டால் கால் ஓடாது என்று நினைத்தேன். அது சரியான நினைப்புதான். அதற்கு நான் செய்த வைத்தியம்தான் கோளாறு.

எண்ணூறு மீட்டருக்கு அவள் ஒருத்திதான் என்பதால் தனியாகத்தான் ஓடுவாள். அந்த ஞாயிறு விசிலை ஊதினேன். அவள் கிளம்பினாள். என் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனசுக்குள் எண்ணிவிட்டு அழுத்தினேன். அவள் முடித்தபோது வாட்ச் மூன்று நாற்பத்து நான்கு காட்டியது. உண்மையில் அது நாற்பத்தெட்டு. நோட்டில் நாற்பத்து நான்கு என்று எழுதிச் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். மாடசாமி டெம்போவின் ஹாரனை அடித்து ஊரைக் கூட்டினான். அன்று ஐந்தருவியில் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் வெளியே வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டு, ஆனால் சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு. நாம் செய்தது நல்ல காரியம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு முறை செய்தால் நிறுத்த முடியாது. அடுத்த வாரம் சரியாக அழுத்தினால் அவள் பின்னுக்குப் போனதாக அல்லவா ஆகிவிடும்? அதனால் மறுபடியும் நான்கு எண்ணினேன். நாற்பத்தாறை நாற்பத்திரண்டு என்று எழுதினேன். மூன்றாவது வாரம் நாற்பத்து நான்கை நாற்பது என்று. கடைசி ஞாயிறு அவள் உண்மையில் ஓடியது மூன்று நாற்பத்திரண்டு. நோட்டில் முப்பத்தெட்டு.

கவனித்தீர்களா, அவள் உண்மையாகவே முன்னேறிக்கொண்டுதான் இருந்தாள். வாரம் இரண்டு விநாடி. தேர்வுக்கு இரண்டே விநாடி பாக்கி. அன்று நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “பேச்சி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உனக்கு இன்னும் ரெண்டு செகண்ட் வேணும். லாட்ஜுக்கு நாலு நாள் லீவு போட்டுக் காலுக்கு ஓய்வு கொடு, முதல் சுத்துல இன்னும் விரட்டி ஓடு” என்று சொல்லியிருந்தால் அவள் ஓடியிருப்பாள். இன்றைக்கும் நான் அதை நம்புகிறேன். சொல்லவில்லை.

இத்தனைக்கும் சொல்வதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. தேர்வுக்கு முந்தின நாள் சாயந்திரம் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். லாட்ஜ் பினாயில் வாடை இன்னும் புடவையில் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

“சார், நாளைக்கு எப்படி ஓடட்டும்?”

“வழக்கம்போல ஓடும்மா. முப்பத்தெட்டு உன் கையில இருக்கு.”

“முப்பத்தெட்டு இருக்குல்லா சார்?”

“நோட்டுலதான் எழுதியிருக்கே.”

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி சார், வாரேன்” என்று போய்விட்டாள். நான் அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். பயந்தவளிடம் போய் உண்மையைச் சொல்வானேன், அங்கே இருக்கும் ஆவேசத்தில் இரண்டு விநாடி தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். தேர்வு நாளில் எல்லோரும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுவார்கள். அது உண்மைதான். ஆனால் எல்லோரும் என்பதற்குள் இவளையும் எப்படிச் சேர்த்தேன்?

தேர்வு திருநெல்வேலியில். பயிற்சி கொடுப்பவர்களை உள்ளே விட மாட்டார்கள். நான் மாடசாமியின் டெம்போவில் பின்தட்டில் ஏறி நின்று சுற்றுச்சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடசாமி என் பக்கத்தில் நின்றான். எப்போதும் கத்துகிறவன் அன்று வாயே திறக்கவில்லை. அங்கே கணுக்காலில், நேரத்தைத் தானாகவே குறிக்கும் ஒரு சிப்பைக் கட்டி ஓடவிடுகிறார்கள். அதற்கு யாருடைய முகமும் தெரியாது, யாருக்கு அருவியில் குளித்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதும் தெரியாது.

பேச்சியம்மாள் சீராகத்தான் ஓடினாள். முடித்துவிட்டு, மற்றப் பெண்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டும் தரையில் விழுந்தும் கிடக்க, இவள் மட்டும் நிமிர்ந்து நின்றாள். “பாரு, உங்க அக்காவுக்குத் தம் கூடியிருக்கு” என்றேன் நான். மாடசாமி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான்.

மூன்று நாற்பத்திரண்டு.

வெளியே வந்தவளிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஏதோ மைதானம் சரியில்லை, வெயில், என்று உளறியிருப்பேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். “விடுங்க சார், நீங்க என்ன செய்வீங்க” என்றாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். அதற்கடுத்த வாரம் துணிக்குக் காவல் வைக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் அருவியில் கூட்டம் அதிகம் என்று சொன்னேன். அந்த நோட்டில் அவளுடைய பக்கத்தை மட்டும் கிழிக்கவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். நல்லெண்ணத்தில் செய்த பிழை என்று மூடி வைத்துவிட்டு மனிதன் காலத்தை ஓட்டிவிடலாம். நானும் அப்படித்தான் ஓட்டினேன், ஓய்வு பெறும்வரை.

போன சாரலில் ஒரு நாள் தனியாக ஐந்தருவிக்குப் போனேன். கூட்டம் அவ்வளவாக இல்லாத காலை வேளை. குளிக்க வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் இடத்தில் பையை நீட்டினேன். உள்ளேயிருந்து நீண்ட கை நின்றது.

“சார்?”

பேச்சியம்மாள்தான். காதோரம் நரைத்திருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஊரார் துணியும் பையும் செருப்பும். லாட்ஜில் முழங்கால் தேய்ந்து போனதாகவும், இங்கே உட்கார்ந்த வேலை என்றும் அவளாகவே சொன்னாள். மகள் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் இருக்கிறாளாம். “படிக்க வைக்கணும்னுதான் நெனச்சேன், நடக்கல” என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கம்பி வலைக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விசில், விரல், நான்கு எண்ணியது, எல்லாம். நான் முடித்ததும், “தெரியும் சார்” என்றாள்.

“தெரியுமா?”

“மாடசாமி டெம்போக்குள்ள இருந்து போன்ல டைம் எடுத்தான். மூணாவது வாரம். சார் நாப்பதுன்னு வாசிச்சீங்க, அவன் போன்ல நாப்பத்திநாலு. நான் அவனத்தான் ஏசுனேன், போயி ஒம் போனை ரிப்பேர் பாருலேன்னு. அடுத்த வாரமும் அதே நாலு செகண்டு. பெறவு எப்படி சார் தெரியாம போவும்?”

“அப்பம் ஏம்மா என்கிட்ட கேக்கல?”

“கேட்டேனே. பரீட்சைக்கு மொத நாள் சாயந்திரம் உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டேனே சார். நீங்க சொல்லுவீங்கன்னுதான வந்தேன்.”

அருவிச் சத்தம் இல்லாவிட்டால் நான் அழுதது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. “அம்புட்டு வருசம் யாருக்கும் அரை செகண்டு விட்டுக் குடுக்காத மனுசன், எனக்கு நாலு செகண்டு குடுக்காருன்னா என்ன அர்த்தம்? இவளால ஆவாதுன்னு சாருக்குத் தெரிஞ்சு போச்சு, பாவம்னு குடுக்காரு. அப்படித்தான் நெனச்சேன். அன்னைக்குக் கடைசிச் சுத்துல அதே நெனப்புதான். ஆவாததுக்கு எதுக்கு உசுரக் குடுக்கணும்னு. கோட்டத் தாண்டி நிக்கேன் சார், எனக்கு மூச்சு மிச்சம் இருக்கு.”

நிமிர்ந்து நின்றாளே, அதுதான். நான் அதைத் தம் என்று நினைத்தேன்.

உங்களிடம் ஓட வருகிறவர்களில் பாதிப்பேர் வேறு எங்கும் யாரும் நம்பாதவர்கள். உங்கள் கையிலிருக்கும் எண்ணை அவர்கள் எண்ணாகப் பார்ப்பதில்லை. நீங்கள் அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். மோசமான எண்ணைச் சொல்லிவிட்டு, கூடவே உட்கார்ந்து கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக நான்கு விநாடி கொடுத்தேன்.

மன்னித்துவிடு என்று அவளிடம் சொன்னேன். வலையின் கீழிருந்த இடைவெளியில் என் பையை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். கையிலிருந்த வாட்ச்சையும் கழற்றித் தரும்படி விரலை அசைத்தாள். தந்தேன். டோக்கனை நீட்டினாள்.

“கூட்டம் வாரதுக்கு முன்ன போய்க் குளிச்சிட்டு வாங்க சார்” என்றாள். “துணிய நான் பாத்துக்கிடுதேன்.”